முன்னால் செல்லும் சக்கரம்: பழைய வீட்டுக் கணினியில் தோற்றுப்போன சைக்கிள் பந்தயம்

மனிதன் தன் உடம்பின் சக்தியைச் செலவிட்டுச் செய்யும் ஒரு காரியத்தை யந்திரத்தின் திரையில் மறுபடி சிருஷ்டித்துக் காட்ட ஒருவர் முற்படும்போது, அந்தக் காரியத்தின் புறத்தோற்றத்தை வரைந்து காட்டுவதோடு அமைவதா, அதைச் செய்கிறவனின் உள்ளே நடக்கும் கணக்கையும் கவலையையும் பிடித்துக் கொடுப்பதா என்ற கேள்வி அவர் முன் வந்து நின்றே தீரும். 1980-களில் இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் வீட்டுக் கணினிகளுக்கென்று எழுதப்பட்ட சைக்கிள் பந்தய விளையாட்டுகளை இன்று எடுத்து ஆராய்ந்தால், அவற்றை வகுத்தவர்கள் பெரும்பாலும் முதல் வழியையே மேற்கொண்டார்கள் என்பதும், அதனாலேயே அவை ஆடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அலுப்பையும் ஏமாற்றத்தையும் தந்தன என்பதும் புலப்படும். நினைவகம் குறைவு, வேகம் குறைவு, வர்ணங்கள் குறைவு, ஆகையால் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று அவர்களுக்காகப் பரிந்து பேசுவது வழக்கம். அந்தப் பரிவு நியாயமானதுதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பந்தயத்தில் முன்னால் செல்லும் சக்கரம் பின்னால் வருகிறவனுக்கு என்னவாக இருக்கிறது என்ற ஒரே ஒரு விஷயத்தை உணராமல் போனதே அந்த விளையாட்டுகளின் மூலக்குறை என்று நான் கருதுகிறேன். கணினித் தொழிலும் சைக்கிள் ஆர்வமும் ஒரே ஊரில் செழித்திருக்கும் பெங்களூருக்கு இந்த ஆராய்ச்சி பழங்கதையாக மட்டும் நின்றுவிடாது என்பதும் என் எண்ணம்.

பந்தயமும் அதன் பெயரில் வந்த விளையாட்டும்

பிரிட்டன் தேசத்தைச் சுற்றிப் பல நாட்கள் கட்டம் கட்டமாக நடந்துவந்த ஒரு சைக்கிள் பந்தயத்தை 1958 முதல் 1993 வரை அந்நாட்டின் பால் விற்பனை வாரியம் பொருளுதவி செய்து ஆதரித்தது. ஆகையால் அது ஜனங்களிடையே 'மில்க் ரேஸ்' என்றே வழங்கிற்று. 1987-ஆம் ஆண்டில் அந்தப் பந்தயத்தில் மால்கம் எலியட் என்ற ஆங்கிலேய வீரர் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில், மலிவு விலைக் கேசட்டுகளுக்குப் பேர்போன லண்டன் நிறுவனமாகிய மாஸ்டர்டிரானிக், பந்தயத்தின் பெயரையே தாங்கிய ஒரு விளையாட்டை ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, ஆம்ஸ்டிராட் முதலிய வீட்டுக் கணினிகளுக்கு வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் கேசட்டுகள் பொதுவாக 1.99 பவுனுக்கு விற்றவை. பள்ளிப் பிள்ளை தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கிவிடக்கூடிய விலை அது.

விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரையில் சாலை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டியைப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஏற்றமும் இறக்கமும் வரும்போது அதற்கேற்ப கியரை மாற்ற வேண்டும். வழியில் வரும் கார்களிலும் மற்ற ஓட்டிகள்மீதும் மோதாமல் விலகிச் செல்ல வேண்டும். ஓட்டியின் தெம்பு ஒரு பால் புட்டியின் உருவத்தில் காட்டப்படும். அது குறையக் குறைய, சாலையில் தென்படும் பால் புட்டிகளை எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதில் பாராட்டத்தக்க அம்சம் இல்லாமலில்லை. ஏற்றத்துக்கும் கியருக்கும் உள்ள சம்பந்தத்தை விளையாட்டின் நடுநாயகமாக வைத்தது யோக்கியமான முயற்சி. அன்றைய இந்தியாவில் கியரே இல்லாத கனத்த கறுப்பு ஹெர்குலிஸ், அட்லஸ் வண்டிகளில் ஏறிப் பழகிய பையன் ஒருவன் இந்த விளையாட்டைக் கண்டிருந்தால், மேட்டில் ஏறும்போது ஏன் சிறிய கியர் வேண்டும் என்பதை இதிலிருந்தே கற்றிருக்கக்கூடும். தெம்பு என்பது வற்றக்கூடிய பொருள் என்று காட்டியதும் சரியே. ஆனால் வற்றிய தெம்பு எங்கிருந்து மீள்கிறது என்ற இடத்தில்தான் விளையாட்டு உண்மையை விட்டு விலகுகிறது. நிஜப் பந்தயத்தில் உணவுப் பையும் தண்ணீர்ப் புட்டியும் கொடுப்பதற்கென்று இடங்கள் உண்டு என்றாலும், சாலையில் கிடக்கும் எதையும் பொறுக்கி எடுத்து ஒருவனும் அந்தக் கணமே பலம் பெறுவதில்லை. அவன் பலத்தைச் சேமிக்கிறான். சேமிக்கும் இடம் இன்னொருவனுடைய பின்சக்கரத்தின் பின்புறம். எந்தச் சக ஓட்டியின் மறைவில் அவன் மூச்சு வாங்குகிறானோ, அந்தச் சக ஓட்டியையே மோதிவிடாமல் ஒதுங்கிச் செல்ல வேண்டிய இடையூறாக மாற்றியதன் மூலம், பந்தயத்தின் அர்த்தத்தையே இந்த விளையாட்டு தலைகீழாக்கிவிட்டது.

யந்திரத்தின் இயல்பு

இந்த விளையாட்டு ஓடிய யந்திரத்தின் சுபாவத்தை அறியாமல் அதை வகுத்தவர்களைக் குறை கூறுவது தர்மமாகாது. கேம்பிரிட்ஜ் நகரின் சின்கிளேர் நிறுவனம் 1982-ல் வெளியிட்ட ஸ்பெக்ட்ரத்தின் பெரிய வகை, 48 கிலோபைட் நினைவகமும், விநாடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் இயங்கிய இசட்-80 என்ற செயலியும் கொண்டது. 175 பவுன் விலையில் அறிமுகமானது. அதன் திரை அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 192 புள்ளிகளும் உடையது. படத்துக்கு 6,144 பைட்டும் வர்ணத்துக்கு 768 பைட்டும் ஆக, மொத்தம் 6,912 பைட் திரைக்கே போய்விடும். வர்ணத்தைச் சிக்கனமாக வைக்கும்பொருட்டு, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டே வர்ணங்கள்தாம் இருக்கலாம் என்ற விதியை அதன் சிற்பிகள் ஏற்படுத்தியிருந்தார்கள்.

சைக்கிள் பந்தயத்தைக் காட்டவேண்டிய ஓவியனுக்கு இந்த விதியைவிடக் கொடிய விரோதி இல்லை. முதலாவதாக, சைக்கிள் மெல்லிய கோடுகளால் ஆன பொருள். காரைப் போலவோ குதிரையைப் போலவோ நிறைந்த உடல் அதற்கு இல்லை. பதினைந்து இருபது புள்ளி உயரத்துக்குள் இரண்டு சக்கரங்களையும் அவற்றின் கம்பிகளையும் வரையப் புகுந்தால் மிஞ்சுவது இரண்டு வளையங்களே. இரண்டாவதாக, பந்தயத்தில் சட்டையின் நிறமே வீரனின் அடையாளம். தூர் தெ பிரான்ஸில் மஞ்சள் சட்டை அணிந்தவன் யார் என்பதைச் சாலையோரத்துச் சிறு குழந்தையும் அறியும். ஸ்பெக்ட்ரத்தின் திரையில் இரு ஓட்டிகள் ஒருவரையொருவர் நெருங்கி ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டால், ஒருவனுடைய நிறம் மற்றவனையும் பற்றிக்கொள்ளும். கூட்டம் கூட்டமாக ஒட்டி ஓடுவதே இயல்பாகிய ஒரு பந்தயத்தை, இருவர் ஒட்டினாலே நிறம் கலங்கிப்போகும் திரையில் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளே இருந்த சிறு ஒலிபெருக்கி 'பீப்' என்ற சப்தத்தின் பலவகை வேறுபாடுகளையே எழுப்பவல்லது.

இந்த யந்திரக் குடும்பம் இந்தியாவுக்குப் புதிதன்று. புணே நகரின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரத்தை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் இங்கே விற்றது. அதற்குச் சற்று முன்பே, 1984-85-ல், மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைப் புகுத்தத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்கு, ஏகார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ கணினியே தேர்ந்தெடுக்கப்பட்டது. சண்டிகரை அடுத்த மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. பெங்களூரில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் காலூன்றிய ஆண்டு 1985. வீட்டுக் கணினிச் சந்தையிலிருந்து 1983-ன் இறுதியில் விலகிக்கொண்ட அந்த நிறுவனம், இரண்டு வருஷத்துக்குள் இந்த ஊருக்கு வந்து, இங்கிருந்த பொறியாளர்களின் மூளையை நம்பித் தன் வேலையின் ஒரு பகுதியை ஒப்படைத்தது. வீட்டுக் கணினி யுகத்தின் அந்திமமும் பெங்களூரின் கணினி யுகத்தின் உதயமும் இவ்விதம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

விரல்களின் உழைப்பு

உடம்பின் உழைப்பைக் கணினிக்கு எப்படித் தெரிவிப்பது என்ற பிரச்சினைக்கு அக்காலத்தில் எல்லோரும் பின்பற்றிய விடை ஒன்று இருந்தது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1983-ல் கடைகளில் வைக்கும் யந்திரமாக வெளியிட்ட 'டிராக் அண்டு ஃபீல்டு' என்ற விளையாட்டில், இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி எவ்வளவு விரைவாக அடிக்கிறோமோ அவ்வளவு விரைவாக வீரன் ஓடுவான். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஓஷன் நிறுவனம், ஒலிம்பிக் வீரர் டேலி தாம்சனின் பெயரில் அந்த முறையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1985-ல் அதைத் தொடர்ந்து வந்த 'சூப்பர் டெஸ்ட்' என்ற விளையாட்டில் சைக்கிள் ஓட்டமும் ஓர் அங்கமாகச் சேர்ந்தது. ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமும் வெறிகொண்டு ஆட்டுவதால் அது முறிந்துபோவது அக்காலத்துப் பிள்ளைகளிடையே சகஜமான நிகழ்ச்சி.

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இந்த முறை ஓரளவு பொருந்தும். ஏனெனில் அங்கே யோசிக்க அவகாசம் இல்லை, உள்ள பலத்தை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுவதே தர்மம். அதுபோலவே, புழுதித் தடத்தில் ஒரு நிமிஷ நேரத்துக்குள் முடிந்துவிடும் பிஎம்எக்ஸ் பந்தயத்துக்கும் கீபோர்டு பொருத்தமாக அமைந்தது. டார்லிங் சகோதரர்களின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட 'பிஎம்எக்ஸ் சிமுலேட்டர்', மேலிருந்து பார்க்கும் சிறு தடத்தில் இருவர் எதிரெதிராக ஆடும்படி அமைக்கப்பட்டு நல்ல வரவேற்பைப் பெற்றது. அதன் வெற்றிக்குக் காரணம், திரைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு பந்தயத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததே.

மணிக்கணக்கில் நடக்கும் சாலைப் பந்தயமோ வேறு ஜாதி. அங்கே அதிகமாக உழைக்கிறவன் தோற்கிறான். குறைவாக உழைத்து, உழைக்க வேண்டிய தருணத்தில் மட்டும் முழுவதையும் கொடுக்கிறவன் ஜயிக்கிறான். விரல் வேகத்தையே வெற்றியின் அளவுகோலாக்கும் முறை இந்த உண்மைக்கு நேர் விரோதம். அமெரிக்காவின் எபிக்ஸ் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட 'சம்மர் கேம்ஸ்' இரண்டாம் பாகத்தில் மட்டும் ஒரு நல்ல சமிக்ஞை தென்படுகிறது. அதிலுள்ள சைக்கிள் பந்தயத்தில் ஜாய்ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்ற வேண்டும். திரையில் சுழலும் அம்புக்குறியின் வேகத்தோடு கையின் சுழற்சி இசைந்தால்தான் வண்டி வேகம் பிடிக்கும். பெடல் சுற்றுவதில் ஒரு லயம் உண்டு என்பதையும், அந்த லயத்தை மீறிய வேகம் வீண் என்பதையும் அதை வகுத்தவர் கண்டுகொண்டிருந்தார். இவ்வளவு அழகிய தொடக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் வளர்க்காமல் விட்டது பெரும் நஷ்டம்.

காற்றும் உடம்பும்

சாலைப் பந்தயத்தின் மர்மம் காற்றில் இருக்கிறது. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஓட்டி செலவிடும் சக்தியில் மிகப் பெரும் பகுதி காற்றைப் பிளந்துகொண்டு போவதற்கே ஆகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்பவும் பெருகும்; ஆகவே 30 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்க விரும்புகிறவன், வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதற்காக, காற்றோடு போராடும் உழைப்பை ஏறத்தாழ 2.4 மடங்காக்க வேண்டும். ஆனால் இன்னொருவனுடைய பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால், காற்றுத் தடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவிலும் பின்புறத்திலும் இருப்பவர்களின் நிலையோ அதிசயிக்கத்தக்கது: நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கனும் அவருடைய சகாக்களும் 121 ஓட்டிகள் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, அங்கே ஒருவன் எதிர்கொள்ளும் காற்றுத் தடை, தனியாகச் செல்லும்போது இருப்பதில் 5 முதல் 10 சதவீதமே.

ஆராய்ச்சிச் சாலைக்குப் போகாமலேயே இந்த உண்மையை நம் ஜனங்கள் அறிந்திருக்கிறார்கள். எதிர்க்காற்று வீசும் ஆடி மாதத்தில் தஞ்சாவூர்ச் சாலையில் வைக்கோல் வண்டிக்கோ லாரிக்கோ பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்த எவருக்கும் காற்று மறைவின் சுகம் தெரியும். வார இறுதிகளில் விடியற்காலையில் பெங்களூரிலிருந்து பல்லாரிச் சாலையில் வடக்கே செல்லும் சைக்கிள் குழுவினர், ஒருவர் மாற்றி ஒருவர் முறைவைத்து முன்னால் சென்று காற்றை ஏற்றுக்கொள்வதையும், முறை முடிந்தவர் பக்கவாட்டில் விலகி வரிசையின் கடைசிக்கு வருவதையும் இன்றும் காணலாம்.

அந்தச் சாலை கொண்டுபோய்விடும் நந்தி மலை, காற்றுக் கணக்கின் மறுபக்கத்தைக் கற்பிக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு; சமதரையில் அதே உழைப்புக்கு இங்கே சற்றே கூடுதல் வேகம் கிட்டும். ஆனால் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தியின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் காற்று பின்னுக்குப் போய், பூமியின் ஈர்ப்பே எதிரியாக நிற்கிறது. எடுத்துக்காட்டாக, வண்டியும் ஆளும் சேர்ந்து 75 கிலோ எடை என்று கொண்டு, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், ஈர்ப்பை வெல்ல 150 வாட்டுக்குச் சற்று மேல் தேவைப்படும். காற்றை வெல்ல 10 அல்லது 12 வாட் போதும். அங்கே எவனுடைய மறைவும் உதவாது. சமதரையில் நூறு பேரின் நடுவே ஒளிந்து வந்தவன் மலையடிவாரத்தில் தன் உண்மையான பலத்தோடு தனித்து நிற்கிறான். தேசிய அளவில் தனிநபர் நேரப் பந்தயத்தில் பட்டம் பெற்ற நவீன் ஜான் போன்ற வீரர்கள் பெங்களூரைத் தங்கள் இருப்பிடமாகக் கொண்டதும், விஜயபுரம், பாகல்கோட் வட்டாரங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கர்நாடகத்துக்குச் சைக்கிள் வீரர்கள் கிடைத்து வருவதும், இந்தப் பீடபூமியின் ஜனங்களுக்கு இக்கணக்கு உடம்பில் ஊறியது என்பதற்குச் சான்றுகள்.

காற்று மறைவிலிருந்து பிறக்கும் மனித உறவுகளே பந்தயத்தைக் காவியமாக்குகின்றன. கூட்டத்தை உடைத்துக்கொண்டு நால்வர் முன்னேறிவிட்டால், அவர்கள் ஒருவருக்கொருவர் பகைவர்களாயினும் முறைவைத்துக் காற்றைச் சுமந்தால்தான் பின்னால் துரத்தி வரும் கூட்டத்திடமிருந்து தப்ப முடியும். அந்த ஒத்துழைப்பு எந்த கிலோமீட்டரில் முறியும், தன் முறையைச் செய்யாமல் ஏமாற்றுகிறவன் யார், அவனைப் பிறர் எப்படித் தண்டிப்பார்கள் என்பவை எல்லாம் சதுரங்கத்துக்கு நிகரான நுட்பம் உடையவை. முன்னால் செல்பவனை வெறும் இடையூறாக வரைந்த மாத்திரத்தில் இந்த நாடகம் முழுவதும் திரையைவிட்டு மறைந்துபோகிறது.

யந்திரத்தில் இடம் இல்லையா?

இவ்வளவு நுட்பத்தை 48 கிலோபைட்டுக்குள் அடைக்க முடியுமா என்ற ஆட்சேபம் எழலாம். அதற்குக் கணக்கே பதில் சொல்லும். ஓட்டியின் களைப்பை அளக்கும் சூத்திரத்தை மோனோ, ஷெரர் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-லேயே வெளியிட்டிருந்தார்கள். அதன் சாரம் இது: ஒவ்வொருவருக்கும் நெடுநேரம் தாங்கக்கூடிய ஓர் உழைப்பு எல்லை உண்டு, அந்த எல்லைக்கு மேல் உழைப்பதற்கென்று வரம்புள்ள ஒரு சேமிப்பும் உண்டு. சேமிப்பு, குடத்து நீரைப் போல, எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு விரைவாகத் தீரும். ஒருவனுடைய எல்லை 250 வாட், சேமிப்பு 20,000 ஜூல் என்று கொண்டால், அவன் 300 வாட்டில் 400 விநாடியும், 350 வாட்டில் 200 விநாடியும், 450 வாட்டில் 100 விநாடியும் தாக்குப்பிடிப்பான். இரண்டே எண்களில் ஒரு மனிதனின் களைப்பும் குணமும் அடங்கிவிடுகின்றன: சேமிப்புப் பெரியவன் கடைசிப் பாய்ச்சலில் வல்லவன், எல்லை உயர்ந்தவன் மலையேற்றத்தில் வல்லவன்.

இடம், வேகம், எல்லை, சேமிப்பு என்று ஓர் ஓட்டிக்கு 8 பைட் ஒதுக்கினால் நூறு ஓட்டிகளுக்கு 800 பைட் போதும். திரை மட்டுமே 6,912 பைட்டை விழுங்கும் யந்திரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. விநாடிக்கு 35 லட்சம் துடிப்புகள் கொண்ட செயலி, நூறு பேரின் நிலையையும் விநாடிக்கு ஒரு முறை புதுப்பித்தால், தலைக்கு 35,000 துடிப்புகள் கிடைக்கும். இசட்-80 செயலியில் பெருக்கல் என்ற கட்டளையே இல்லை என்பது மெய். ஆனால் கூட்டலையும் நகர்த்தலையும் கொண்டு ஒரு சிறு பெருக்கலைச் செய்ய சில நூறு துடிப்புகளே ஆகும். வேகத்தின் கனத்தையோ 256 பைட் அட்டவணை ஒன்றில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். யார் யாருக்குப் பின்னால் இருக்கிறார் என்பதைப் பார்த்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் காற்று மறைவும் வந்துவிடும். திரையில் நூறு பேரையும் வரைய வேண்டியதில்லை. நாம் ஓட்டுகிறவனையும் அவனுக்கு முன்னால் உள்ள ஒரு முதுகையும் காட்டினால் போதும், மற்றவர்களைப் புள்ளிகளாக ஒரு கோட்டில் நிறுத்திவிடலாம்.

இது பின்புத்தியால் செய்யும் கற்பனை என்று எவரும் சொல்லாதபடி, அதே காலத்தில் அதே அளவுள்ள யந்திரங்களில் வேறு துறைகளில் இத்தகைய சாதனைகள் நிகழ்ந்திருக்கின்றன. கெவின் டாம்ஸ் 1982-ல் வெளியிட்ட 'ஃபுட்பால் மேனேஜர்' பேசிக் மொழியில் எழுதப்பட்டது. படத்தை நம்பாமல், குழுவின் பலத்தையும் பணத்தையும் கணக்கிட்டே ஆடுகிறவர்களை இரவு முழுவதும் கட்டிப்போட்டது. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-ல் எழுதிய 'எலீட்', 32 கிலோபைட் நினைவகமுடைய பிபிசி மைக்ரோவில், எட்டு விண்மீன் மண்டலங்களையும் மண்டலத்துக்கு 256 வீதம் உலகங்களையும், சில எண்களிலிருந்து கணக்கிட்டு வருவித்துக் காட்டியது. எதைச் சேமிப்பது, எதைக் கணக்கிட்டுப் பெறுவது, எதை முற்றிலும் விட்டுவிடுவது என்று இவர்கள் தம்மையே கேட்டுக்கொண்டார்கள். சைக்கிள் விளையாட்டை வகுத்தவர்களோ, சிறிய கூலிக்கும் குறுகிய அவகாசத்துக்கும் உட்பட்டு, சாலையோரத்தில் நிற்கும் பார்வையாளன் காண்பதை வரைந்து கொடுத்துவிட்டார்கள். மலிவு விலைக் கேசட்டின் பொருளாதாரம் அவர்களை அவசரப்படுத்தியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அவசரமும் நினைவகக் குறைவும் ஒன்றாகிவிடா.

இன்னொரு சான்று இதைவிட வலுவானது. குறை நினைவகத்தில் இருந்திருந்தால் நினைவகம் பெருகியதும் அது நீங்கியிருக்க வேண்டும். ராக்ஸ்டார் நிறுவனம் 2004-லும் 2013-லும் வெளியிட்ட 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசை விளையாட்டுகளில், ஒரு நகரமே உயிர்பெற்று எழும் அளவுக்கு நினைவகம் பெருகிவிட்ட பிறகும், சைக்கிளில் விரைந்து செல்ல விரும்புகிறவன் செய்ய வேண்டியது என்ன? ஒரு பொத்தானைப் படபடவென்று அடிக்க வேண்டும். அந்த விளையாட்டுகளில் சைக்கிள் ஒரு சிறு உபகதையே என்பதை ஒப்புக்கொண்டாலும், 1983-ன் விரல் அடி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறாமல் நின்றது, தேக்கம் யந்திரத்தில் இல்லை, சிந்தனையில் இருக்கிறது என்பதற்குப் போதிய அத்தாட்சி.

உடம்பை யந்திரத்தோடு இணைத்தவர்களும் பெங்களூரும்

இந்தத் தேக்கத்தை உடைக்கும் முயற்சிகள் வேறொரு திசையிலிருந்து வந்தன. உடம்பை விரலாகச் சுருக்குவதற்குப் பதில் உடம்பையே கணினியோடு இணைத்தால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். அட்டாரி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் 'பஃபர்' என்ற உடற்பயிற்சிச் சைக்கிளைத் தன் கணினியோடு இணைக்க முயன்று, விற்பனைக்குக் கொண்டுவராமலே கைவிட்டது. சியாட்டில் நகரின் ரேசர்மேட் நிறுவனம் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் 'கம்ப்யூட்ரெய்னர்' என்ற சாதனத்தில் வெற்றி கண்டது. 2014-ல் தொடங்கிய 'ஸ்விஃப்ட்' என்ற இணையவழிப் பந்தயத்தில், வீட்டில் நிறுத்திவைத்த வண்டியின் பெடலில் ஓட்டி செலுத்தும் திறன் வாட்டுகளில் அளக்கப்பட்டு, ஏற்றமும் காற்று மறைவும் கணக்கிடப்பட்டு, திரையிலுள்ள உருவம் அதற்கேற்ப நகர்கிறது. அதில் இன்னொருவரின் பின்னால் ஒட்டிச் சென்றால் உழைப்பு குறைகிறது. 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த மேடையிலேயே முதல் மின்விளையாட்டு உலகப் பந்தயத்தை நடத்தியபோது, ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும் தென் ஆப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் வென்றார்கள். முன்னால் செல்லும் சக்கரம் துணையாக மாறிய பிறகே கணினியில் சைக்கிள் பந்தயம் ஒரு பந்தயம் என்ற அந்தஸ்தைப் பெற்றது.

உடம்பின் அசைவைக் கணினிக்குக் கற்பிப்பதில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து வகுத்த கையடக்கக் கணினியாகிய சிம்ப்யூட்டரின் ஒரு வடிவத்தை, பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் 2004-ல் 'அமிதா' என்ற பெயரில் வெளியிட்டபோது, கையில் சாய்ப்பதையும் அசைப்பதையும் உணரும் கருவி அதனுள் இருந்தது; அந்த வித்தை உலகெங்கும் கைபேசிகளில் பரவியது அதற்குப் பின்புதான். விளையாட்டுத் துறையிலும் இந்த ஊர் முன்னோடி: ராஜேஷ் ராவ் 1997-ல் இங்கே நிறுவிய துருவா இண்டராக்டிவ், அயல்நாட்டு நிறுவனங்களின் பெரிய விளையாட்டுகளுக்குக் கலைவேலை செய்துகொடுத்துப் புகழ்பெற்று, பின்னர் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் கைக்குப் போய், 2019-ல் ராக்ஸ்டாரின் பெங்களூர்ப் பிரிவோடு இணைந்தது. உலகம் வியக்கும் திரைகளின் உலோகப் பளபளப்பிலும் மரங்களின் இலைகளிலும் பெங்களூர்க் கைகளின் உழைப்பு கலந்திருக்கிறது என்பது பெருமைக்குரியது. ஆயினும் புறத்தோற்றத்தை மெருகிடும் தொழிலில் தேர்ந்த ஊர், உள்ளிருக்கும் உயிரை வகுக்கும் தொழிலிலும் தேர வேண்டாமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதற்கு வேண்டியவை எல்லாம் இங்கே இருக்கின்றன. காற்றின் சூத்திரத்தை அறிந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்; நிரல் எழுதுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; நந்தியின் ஏற்றத்தில் தன் சேமிப்பு எந்த வளைவில் தீரும் என்பதைத் துல்லியமாகச் சொல்லவல்ல ஓட்டிகள் இருக்கிறார்கள். இந்த மூவரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, எந்தப் படத்தையும் வரைவதற்கு முன்னால், ஓட்டி ஒருவன் எதைக் குறித்து அஞ்சுகிறான், எதைச் சேமிக்கிறான், யாரை நம்புகிறான் என்பதைப் பேசி முடிவு செய்தால், 1987-ல் 48 கிலோபைட்டில் எழுதப்பட்டிருக்கக்கூடிய அந்த நல்ல விளையாட்டை இன்று எந்தக் கைபேசியிலும் எழுதிவிடலாம். பழைய விளையாட்டைப் பழிப்பதால் நமக்கு லாபமில்லை. ஓட்டியைக் கேட்காமல் ஓவியனை மட்டும் கேட்டதால் அது தோற்றது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு, அடுத்ததை ஓட்டியிடமிருந்து தொடங்குவதே நாம் அதற்குச் செய்யும் நியாயம்.